சிதம்பரத்துக்கு ஒரு பாட்டில் சிறுநீர்

பிள்ளைகளே, பிச்சாவரத்தில் படகு விட்ட கதையாக இருக்கும் என்று நினைத்து இதைப் படிக்க ஆரம்பித்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாங்கள் பிச்சாவரம் போகவில்லை. அந்தப் பக்கம் போகும் பேருந்தைக் காட்டி என் மகள் மலர் கேட்கத்தான் செய்தாள். காதில் விழாததுபோல் நான் நடந்துவிட்டேன். நாங்கள் போனது சிதம்பரத்துக்கு. கடலூர்க்காரர்கள் காலையில் போய் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு மாலைக்குள் வீடு திரும்பிவிடும் தூரம். எனக்கு அந்தப் பயணம் முடிய நான்கு நாள் ஆயிற்று. அத்தனை நாளும் பயந்துகொண்டே இருந்தேன்.

நான் கடலூர் முதுநகரில் ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறேன். படகுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றும் வேலை. எட்டாவது வரைதான் படிப்பு. மலர்விழி என் மகள், அப்போது நான்காம் வகுப்பு. சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறோம். எங்கள் தெருவில் எல்லாம் மீன்பிடிக்கிற குடும்பங்கள்தான்.

அந்த வருடம் சிதம்பரத்தில் இருக்கும் ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து ஆட்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்து, பிள்ளைகளின் சிறுநீர் வேண்டும் என்றார்கள். உங்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எங்கள் தெருவும் சிரித்தது. ஆனால் காரணம் நல்ல காரணம். குடிக்கிற தண்ணீர், தின்கிற சோறு, இழுக்கிற மூச்சு எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஈயம், செம்பு, துத்தநாகம், ஆர்சனிக் என்று ஏதாவது கலந்திருக்கும். சிலது உடம்புக்கு வேண்டும், சிலது ஆகவே ஆகாது. உடம்பு தனக்கு வேண்டாததைச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. அதனால் ஊசி குத்தாமல், யாரையும் அழவிடாமல், ஒரு ஊர்ப் பிள்ளைகளின் உடம்புக்குள் என்ன போய்க்கொண்டிருக்கிறது என்று அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஒருவருடையதை வைத்துச் சொல்ல முடியாதாம், ஊர் முழுக்கப் பார்க்க வேண்டுமாம்.

அதற்குச் சட்டதிட்டம் ஜாஸ்தி. பாட்டிலை அமிலத்தில் கழுவி வைத்திருக்கிறார்கள், உள்ளே விரல் படக்கூடாது. வேறு பாத்திரத்தில் பிடித்து ஊற்றக்கூடாது. முக்கியமாக, மூன்று நாள் முன்பிருந்தே மீன், நண்டு, இறால், கருவாடு எதுவும் சாப்பிடக்கூடாது. கடலில் வாழ்கிற உயிர்களுக்குள் ஒரு வகை ஆர்சனிக் இருக்கிறது, அது நம்மை ஒன்றும் செய்யாது. ஆனால் இயந்திரத்துக்கு நல்லது கெட்டது தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கணக்காகச் சொல்லிவிடும்.

என் மனைவி வசந்தா சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். மூன்று நாளும் பருப்பும் கத்தரிக்காயும்தான். எங்கள் வீட்டுப் பூனை பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டது. பாட்டில் வாங்க வந்த பெண், "மீன், நண்டு ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். "எங்க வீட்ல அடுப்புல கொழம்பு சட்டியே ஏறல," என்றாள் வசந்தா.

சில வாரம் கழித்து எனக்கு போன் வந்தது. ஆய்வுக்கூடத்தில் பொறுப்பாக இருக்கும் ரேவதி மேடம் பேசினார்.

"மலர்விழியோட அப்பாங்களா? பாப்பாவோட ரிசல்ட்ல ஆர்சனிக் ரொம்ப கூடுதலா இருக்குங்க. பயப்படாதீங்க. கடல் சாப்பாடு சாப்பிட்டிருந்தா இப்படி வரும். சாப்பிட்டாங்களா?"

"இல்லீங்க மேடம். சத்தியமா இல்ல."

"நல்லா ஞாபகம் இருக்குங்களா?" என்று திரும்பக் கேட்டார். பயப்படாதீர்கள் என்று சொன்னவர் திரும்பக் கேட்டாரே, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. மீன் தின்றதால் வந்தது என்றால் ஒன்றுமில்லை. தின்னவில்லை என்றால் அது வேறு எங்கிருந்தோ வருகிறது. நான் உண்மையைச் சொன்னேன். அந்த உண்மையே என் மகளுக்கு எதிராகத் திரும்பிவிட்டது.

கம்பெனியில் என்னோடு ஐஸ் உடைக்கிற ஒருவரிடம் ஆர்சனிக் என்றால் என்ன என்று பொதுவாகக் கேட்டேன். "எலிக்கு வெப்பாங்களே பாஷாணம், அந்த ஜாதிதான்யா. எதுக்குக் கேக்குற?" என்றார். "சும்மாதான்," என்றேன். அன்று ஐஸ் பாளத்தைத் தவறவிட்டுக் காலில் போட்டுக்கொண்டேன்.

மேடம் சொன்ன வழி இது. அந்த ஆர்சனிக் கடல் வகையா விஷ வகையா என்று பிரித்துப் பார்க்கும் வசதி அவர்களிடம் இல்லை. வெளியூர் அனுப்பினால் மாதக்கணக்காகும். அதனால் மலர் மூன்று நாள் கடல் சாப்பாடு தொடாமல் இருக்க வேண்டும், பிறகு இன்னொரு பாட்டில் கொடுக்க வேண்டும். ஆனால் குடிப்பது எங்கள் வீட்டுத் தண்ணீராகவே இருக்க வேண்டும். தண்ணீரை மாற்றிவிட்டால், விஷம் தண்ணீரில் இருந்தால் அது தெரியாமல் போய்விடும்.

"இங்க வெச்சிக்கினு நான் என்ன பண்ணுவேன்? தெருவுல காயுற நெத்திலிய பொறுக்கித் தின்னுவா. எவ வீட்லயாவது கூப்ட்டு ஊட்டி விட்ருவாங்க," என்றாள் வசந்தா. அதுவும் சரிதான். கடலே இல்லாத ஊருக்குக் கூட்டிப்போவது என்று முடிவு செய்தோம். காட்டுமன்னார்கோயிலில் சேகர் இருக்கிறார். ஐஸை மூடி வைக்க எங்கள் கம்பெனிக்கு உமி கொண்டுவரும் லாரியை ஓட்டுகிறவர். உறவு ஒன்றும் கிடையாது, ஆனால் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

ஒரு துணிப்பை, ஐஸ் போட ஒரு தெர்மாகோல் பெட்டி, எங்கள் தெருக் குழாயில் பிடித்த ஒரு பெரிய கேன் தண்ணீர். இதுதான் எங்கள் மூட்டை. மலரிடம் ஒன்றும் சொல்லவில்லை. லீவு போட்டு ஊருக்குப் போகிறோம் என்றேன். அவள் பொட்டு வைத்துக்கொண்டு சந்தோஷமாகக் கிளம்பினாள்.

முதல் நாள் பேருந்து புதுச்சத்திரம் தாண்டியதும் பஞ்சர். எல்லோரும் இறங்கிச் சாலையோரம் நின்றோம். ஸ்டெப்னியை இறக்கினால் அதிலும் காற்று இல்லை. டிரைவரும் கண்டக்டரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். கருவாட்டுக் கூடை வைத்திருந்த ஓர் அம்மா மலரின் பக்கத்தில் உட்கார்ந்து ஊர், பேர், படிப்பு எல்லாம் விசாரித்தார். நான் திரும்பிப் பார்த்தபோது மலரின் கையில் ஒரு நெத்திலிக் கருவாடு, வாயருகில் இருந்தது. பாய்ந்து பிடுங்கித் தூர எறிந்தேன்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாய்யா, நான் இன்னா உம் பொண்ணுக்கு வெஷத்தையா குடுத்துட்டேன்?"

வேறு பேருந்து வருகிறவரை அந்த அம்மா அங்கிருந்த எல்லோரிடமும் என் மரியாதை கெட்டதனத்தை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மலர் என் பக்கத்தில் நிற்காமல் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

சிதம்பரத்தில் மேடத்தைப் பார்த்தோம். நான் நினைத்ததைவிடச் சின்ன வயது. கூட ஒரு டாக்டர் இருந்தார். அவர் மலரை நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்கால்களைத் தடவிப் பார்த்தார். வயிற்றுக்குள் போனது எதற்குக் கைகாலில் தெரிய வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் துணிச்சல் வரவில்லை. ஆர்சனிக் வெகுநாள் சேர்ந்தால் அங்கேதான் தோல் தடித்துப் புள்ளி விழும் என்று பிறகுதான் தெரிந்தது. மலருக்குக் கூச்சம், நெளிந்து நெளிந்து சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. "தோல் நல்லா இருக்கு," என்றார். தோலை மட்டும் ஏன் சொன்னார் என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

மேடம் புதுப் பாட்டிலைக் கொடுத்தார். "நாலாவது நாள் காலைல எழுந்ததும் முதல்ல போறத பிடிச்சு, ஐஸ்ல வெச்சு மதியத்துக்குள்ள கொண்டாந்துருங்க. உங்க தண்ணியவே குடுங்க. மறந்துறாதீங்க."

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பிட்டோம். சிதம்பரத்தில் இட்லிக்குக் கொத்சு கொடுப்பார்கள், சுட்ட கத்தரிக்காயில் புளி விட்டுச் செய்வது. எங்கள் ஊரில் இட்லியென்றால் முதல் நாள் மீன் குழம்புதான். மலர் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான்பா இருக்கு. ரெண்டு மத்தி போட்டிருந்தா இன்னும் நல்லா இருக்கும்," என்றாள். சர்வர் தண்ணீர் வைத்தார். நான் டம்ளரை நகர்த்திவிட்டு கேனைத் திறந்தேன். "எங்க தண்ணி நல்ல தண்ணிதாங்க," என்றார் அவர் முகம் சுருங்க. உங்கள் தண்ணீர் நல்ல தண்ணீர் என்பதால்தான் என் மகள் அதைக் குடிக்கக்கூடாது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

காட்டுமன்னார்கோயிலில் இறங்கும்போது சேகர் நின்றிருந்தார். கேனைப் பார்த்தார். "இன்னா மச்சான் இது?"

"தண்ணி."

"வீராணத்துலேர்ந்து மெட்ராசுக்கே தண்ணி போவுது. நீ கடலூர்லேர்ந்து இங்க தண்ணி தூக்கினு வர."

"புள்ளைக்குத் தண்ணி மாறுனா சளி புடிச்சிக்கும்," என்றேன்.

அவர் வீட்டில் இன்னொரு சோதனை காத்திருந்தது. விருந்தாளி வருகிறோம் என்று அவர் மனைவி தனலட்சுமி ஏரி விரால் வாங்கி, குழம்பு வைத்து, வறுத்தும் வைத்திருந்தார். ஏரி மீன்தான், கடல் மீன் இல்லை. ஆனாலும் எனக்குப் பயம். எந்த மீனும் வேண்டாம் என்று மனதில் போட்டுக்கொண்டேன்.

"அண்ணே, கடக்கரைல இல்லாத மீனா? எங்க ஊரு மீனையும் ஒரு வாய் பாருங்க," என்றார் தனலட்சுமி.

"இல்லம்மா. முருகனுக்கு வேண்டுதல். அப்பனும் பொண்ணும் கவுச்சி தொடுறதில்ல."

மலர் இலையிலிருந்து நிமிர்ந்தாள். "நமக்கு எப்பப்பா வேண்டுதல்?"

"போன வாரம் வேண்டிக்கிட்டேன். நீ சாப்புடு."

சேகர் இரண்டு பேர் பங்கையும் தானே சாப்பிட்டுவிட்டு, முருகனுக்கு நன்றி சொன்னார். எங்களுக்கு அப்பளமும் மோரும் கிடைத்தது.

அடுத்த இரண்டு நாளும் சேகரின் பிள்ளைகளோடு மலர் ஏரிக்கரையிலும் அரிசி ஆலையிலும் சுற்றினாள். ஆலையைச் சுற்றி வயல், வயலைச் சுற்றி வாய்க்கால். எங்கள் ஊரில் கண்ணுக்கு எட்டும் தூரம்வரை உப்புத் தண்ணீர், இங்கே நல்ல தண்ணீர். அவள் ஓடி விளையாடிவிட்டுத் தாகம் எடுத்தால் என்னிடம்தான் வரவேண்டும். நான் கேனிலிருந்து ஊற்றிக் கொடுப்பேன்.

பிள்ளைகளே, அந்த டம்ளரைப் பற்றித்தான் உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அவள் குடித்த தண்ணீர்தான். தெளிவாக இருந்தது, கெட்ட வாடை எதுவும் இல்லை. ஆனால் அவள் தலையை அண்ணாந்து மடக்மடக்கென்று குடிக்கும்போது, அந்தத் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இதில்தான் இருக்கிறதா? நானே என் கையால் ஊற்றிக் கொடுக்கிறேனா? பக்கத்திலேயே அடிபம்பு இருந்தது. அதில் பிடித்துக் கொடுத்துவிடலாம். கொடுத்தால் சோதனை கெட்டுவிடும், கொடுக்காவிட்டால் பிள்ளை கெட்டுவிடுமோ என்று இருந்தது. அவள் குடித்து முடித்ததும் அதே டம்ளரில் அதே அளவு நானும் குடிப்பேன். அதனால் அவளுக்கு ஒரு பயனும் கிடையாது. ஆனால் என்னால் குடிக்காமல் இருக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் உமித் தூசியில் விளையாடிவிட்டு வந்து மலர் அடுக்கடுக்காகத் தும்மினாள். தும்மல்கூட அதனால்தானோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். தனலட்சுமி மிளகு ரசம் வைத்து டம்ளரில் ஆற்றிக் கொடுத்தார். மலர் ஒரு வாய் குடித்துவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

"நண்டு போடலியா அத்த?"

"ரசத்துல நண்டா?"

"எங்கம்மா தும்முனா நண்டு ரசம்தான் வெப்பாங்க. பொடி நண்ட அம்மில வெச்சு நசுக்கி, மொளகு பூண்டு போட்டு. அன்னிக்கு பாட்டில் குடுக்கறதுக்கு முந்தின நாளுகூட ரெண்டு டம்ளர் குடிச்சேனே."

நான் சட்டையில்கூடப் பொத்தான் போடாமல் தெருவுக்கு வந்து வசந்தாவுக்கு போன் போட்டேன்.

"அந்த பாட்டில் குடுக்கறதுக்கு முந்தின நாளு புள்ளைக்கு நண்டு ரசம் வெச்சியா?"

"ஆமா. தும்மிக்கினே இருந்தா. ஏங்க?"

"நண்டு சாப்ட்டீங்களான்னு கேட்டதுக்கு இல்லன்னு சொன்னியே."

"சாப்புடலியே. அது மருந்துங்க. பொரட்டாசி சனிக்கெழமைலகூட வெச்சுக் குடுப்போம், வெரதம் முறியறதில்ல. தனி சட்டிலதான் வெச்சேன்."

அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். நண்டு இலையில் விழுந்தால் கவுச்சி. சளி பிடித்த பிள்ளைக்கு டம்ளரில் வந்தால் கஷாயம். அதைச் சாப்பாட்டில் சேர்த்து யாரும் பேசமாட்டோம். நானும் சேர்த்திருக்கமாட்டேன்.

வசந்தாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. "அப்போ அதனாலதாங்களா?" என்றாள். "அதனாலதான்னு சொல்லுங்க."

சொல்ல முடியவில்லை. இருக்கலாம் என்றேன். அதன்பிறகு என் பயம் இன்னும் மோசமாயிற்று. அதுவரை கெட்டது ஒன்றுதான் எதிரே நின்றது. இப்போது நல்லதும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டது, கைக்கு எட்டுமா என்றுதான் தெரியவில்லை. இரண்டு டம்ளர் ரசத்தால் அவ்வளவு ஏறுமா? ரசத்தாலும் கொஞ்சம், தண்ணீராலும் கொஞ்சம் என்று இருந்துவிட்டால்?

நான்காம் நாள் காலை பாட்டில் நிரம்பியது. சேகர் ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கிவந்தார். ஐஸ் அடுக்குவது எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. பாட்டிலைச் சுற்றிக் கெட்டியாக அடுக்கி, பெட்டியை டேப் போட்டு ஒட்டினேன். சிதம்பரம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினோம். நெல் அறுக்கும் இயந்திரம் ஒன்று எங்களுக்கு முன்னால் ஆடி அசைந்து போனது. சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டதால் பேருந்து முந்த முடியாமல் பின்னாலேயே ஊர்ந்தது. பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

கண்டக்டர் வந்தார். "மீன் பெட்டிய உள்ள வெக்காத. டாப்புல ஏத்து."

"மீன் இல்லீங்க."

"ஐஸ் ஒழுவுது. சீட்டெல்லாம் நாறிடும். வண்டிய நிறுத்தறேன், ஏத்து."

மேலே வெயில். பெட்டி உருண்டுவிட்டால் எல்லாம் போயிற்று. "மருந்துங்க," என்றேன். "தொறந்து காட்டு," என்றார். பின்னாலிருந்து ஒருவர், "எறாவா இருக்கும், பதுக்கினு போறாரு. ஆளப் பாத்தாலே கடக்கர ஆளு," என்றார். கண்டக்டர் பெட்டியில் கை வைத்தார்.

"அதுல கைய வெக்காதீங்க. எம் பொண்ணு ஒண்ணுக்குப் போனது இருக்கு அதுல," என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன் போல. பேருந்து மொத்தமும் திரும்பியது. கண்டக்டர் கையை எடுத்து வேட்டியில், இல்லை, பேண்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கு எதுக்கு இவ்ளோ ஐஸு?" என்றார் இறாலைப் பற்றிச் சொன்ன ஆள். சிரிப்பு எழுந்தது.

"டெஸ்ட்டுக்குப் போவுது. ஒடம்புல வெஷம் இருக்கான்னு பாக்க."

சிரிப்பு நின்றுவிட்டது. கண்டக்டர் என்னைப் பார்த்தார், மலரைப் பார்த்தார், டிரைவரிடம் போய் ஏதோ சொன்னார். டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை. கொஞ்ச தூரத்தில் அறுவடை இயந்திரம் ஓரம் கட்டியது.

ஆனால் நான் யாருக்குத் தெரியக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேனோ அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு இன்னாப்பா?"

"ஒண்ணும் இல்ல கண்ணு."

"அப்ப எதுக்கு வேண்டுதல்னு சொன்ன?"

நான் பெட்டியின் டேப்பை அழுத்தி ஒட்டினேன்.

"நான் செத்துப் போயிடுவேனா?"

"மலரு." அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். ஐஸ் பெட்டியைப் பிடித்திருந்த என் கை சில்லென்று இருந்தது, அவள் கை சுடச்சுட இருந்தது. கோபுரம் தூரத்தில் தெரிந்ததும் பேருந்தில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மலரும் போட்டுக்கொண்டாள், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு.

மேடத்திடம் பாட்டிலோடு நண்டு ரசக் கதையையும் கொடுத்தேன். அவர் முழுவதும் கேட்டார், சிரிக்கவில்லை. "நண்ட அப்படியே நசுக்கிப் போட்ட ரசமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார். உள்ளே இருக்கும் இயந்திரத்தில் சூரியனைப்போல் கொதிக்கிற ஒரு தீ இருக்கிறதாம். சிறுநீரில் ஒரு சொட்டு அதில் பட்டதும் அதற்குள் என்னென்ன இருக்கிறதோ அதெல்லாம் தனித்தனியாகத் தெரிந்துவிடுமாம். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வேறு ஊர்ப் பாட்டில்கள் பெட்டி பெட்டியாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. அதில் ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை என்பது எனக்கு அன்றுதான் தோன்றியது. மதியம் வாங்கிவந்த தயிர்சாதத்தை மலர் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு அப்படியே பெஞ்சில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

மாலையில் மேடம் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். திரும்பி மலரைப் பார்த்துவிட்டுப் போனேன்.

"இறங்கிருச்சுங்க," என்றார். "நல்லாவே இறங்கிருச்சு. சாதாரணமா எல்லாப் பிள்ளைங்களுக்கும் இருக்கற அளவுதான். போன தடவ வந்தது அந்த நண்டோடதுதான்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். சந்தோஷம் வரவில்லை. எனக்கு வந்தது இன்னொரு பயம்.

"மேடம், அந்த பாட்டில் எம் பொண்ணோடதுதானா? இவ்ளோ பாட்டில் இருக்கே. மாறிப் போயிருந்தா?"

வேறு யாராவது இருந்தால் கோபப்பட்டிருப்பார்கள். மேடம் எழுந்துபோய் குளிர்பெட்டியைத் திறந்து பாட்டிலை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். லேபிளில் காலையில் மலரே எழுதிய பெயர். பெரிது பெரிதாக ஆரம்பித்து, இடம் போதாமல், கடைசி எழுத்தை மட்டும் கீழே இறக்கி எழுதியிருந்தாள். அவள் எழுத்துதான். பள்ளிக்கூட நோட்டிலும் இதே குறும்புதான் செய்வாள். அந்தப் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"இன்னொரு தடவ சொல்லுங்க மேடம்."

"பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல."

பிறகு அவர், "இனிமே எல்லா வீட்லயும் மருந்துக்கு நண்டு குடுத்தீங்களான்னு தனியாக் கேக்கணும். இது எங்களுக்குத் தோணாமப் போச்சு," என்றார். "உங்க பொண்ண வெச்சு மட்டும் உங்க தெருத் தண்ணி முழுக்க நல்ல தண்ணின்னு சொல்ல மாட்டேன். மத்த பிள்ளைங்களோடதும் பாத்துட்டுத்தான் சொல்லுவோம்." நான் தலையாட்டினேன். அதைக் கேட்டுப் பயப்பட எனக்கு அப்போது தெம்பு இல்லை. பயம் ஊருக்குத் திரும்பியதும் வந்தது, இப்போதும் குழாயடியில் குடம் நிரம்பும்போது சில நாள் வரும்.

வெளியே வந்தேன். மலர் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தாள், வாய் திறந்திருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளைத் தூக்கினேன். நான்காம் வகுப்புப் பெண், கனம்தான். பேருந்து நிலையம் போகிற வழியில் பாதித் தூரத்தில் விழித்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் எதுவும் சொல்லும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கழுத்தைக் கட்டிக்கொண்டு வந்தாள். பிறகு தெருவில் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்த்ததும் நெளிந்தாள்.

"எறக்கி வுடுப்பா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்," என்றேன்.

பேருந்தில் ஏறும்வரை நான் அவளை இறக்கிவிடவில்லை.